பார்வைப் புறணியில் அசைவுக் குறிகைகள்

பார்வைப் புறணி என்பது பெருமூளையின் பிடரி மடலில் அமைந்து, விழித்திரையிலிருந்து தலாமசு வழியாக வரும் குறிகைகளை (சமிக்ஞைகளை) ஏற்கும் பகுதி ஆகும். கண் காண்பவை மட்டுமன்றி, உடலின் அசைவு பற்றிய தகவல்களும் இப்பகுதியை வந்தடைகின்றன என்பது சுண்டெலிகளில் தெளிவாக அறியப்பட்டுள்ளது.

சிக்கல்

மனிதக் கண் நொடிக்கு ஏறத்தாழ 3 முறை இடம் தாவுகின்றது. ஒவ்வொரு தாவலிலும் விழித்திரையில் விழும் படிமம் முழுவதும் நகர்கின்றது. எனினும் உலகம் அசைவதாகத் தோன்றுவதில்லை. மாறாக, ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணின் ஓரத்தை இமையின் மேலாக விரலால் மெதுவாக அழுத்தினால் காட்சி அசைகின்றது. முதல் நிகழ்வில் கண் தசைகளுக்கு மூளையே கட்டளையிடுகின்றது. இரண்டாவதில் அத்தகைய கட்டளை இல்லை. எனவே படிம நகர்வை மட்டும் கொண்டு, நகர்ந்தது உலகமா பார்ப்பவரா என்று முடிவு செய்ய இயலாது.

கட்டளை நகல்

தசைக்குச் செல்லும் கட்டளையின் நகல் ஒன்று புலன் பகுதிகளுக்கும் அனுப்பப்படுகின்றது என்னும் கருத்தை 1950 இல் எரிக் ஃபான் ஹோல்ஸ்ட், ஹோர்ஸ்ட் மிட்டல்ஸ்டாட் ஆகியோரும், தனியாக ரோஜர் ஸ்பெரியும் முன்வைத்தனர். குரங்குகளில் இந்நகல் நடுமூளையிலிருந்து தலாமசு வழியாக நெற்றி மடலை அடையும் பாதை 2002 இல் விளக்கப்பட்டது.

சுண்டெலி ஆய்வுகள்

பார்வைப் புறணி பற்றிய ஆய்வுகளுக்காக 1981 இல் நோபல் பரிசு பெற்ற ஹியூபெல், வீசல் ஆகியோரின் புகழ்பெற்ற சோதனைகள் மயக்கமூட்டப்பட்ட பூனைகளில் நிகழ்ந்தவை. ஆகவே அசைவின் விளைவு அவற்றில் வெளிப்பட வாய்ப்பில்லை. 2010 இல் நீல், ஸ்ட்ரைக்கர் ஆகியோர், காற்றில் மிதக்கும் பந்தின்மேல் ஓடும் சுண்டெலிகளை ஆராய்ந்தனர். ஓடும்போது பார்வை நரம்பணுக்களின் மறுவினை இருமடங்குக்கும் மேல் உயர்ந்தது. காட்சியே இல்லாதபோது எழும் இயல்பான துடிப்பு அவ்வாறு உயரவில்லை.

2012 இல் கெல்லர் முதலானோர், சுண்டெலியின் ஓட்டத்திற்கேற்ப நகரும் மெய்நிகர் காட்சியை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென நிறுத்தினர். அக்கணத்தில் சில நரம்பணுக்கள் வலுவாகத் தூண்டப்பட்டன. எதிர்பார்த்த காட்சிக்கும் கிடைத்த காட்சிக்கும் இடையிலான வேறுபாட்டை இவை குறிப்பதாக அவர்கள் விளக்கினர்.

வரம்புகள்

2023, 2024 ஆம் ஆண்டுகளில் வெளியான குரங்கு ஆய்வுகளில், பார்வைப் புறணியில் உடல் அசைவின் தாக்கம் மிகச் சிறியதாகவே காணப்பட்டது. ஆகையால் சுண்டெலியில் கண்ட முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்துதல் கூடாது.