17-ஆம் இடமும் ஒரு கோப்பையும்

லீக்கில் உன் அணி அடிமட்டத்தில் கிடக்கும், ஆனால் பெரிய கோப்பை ஒன்று கையில் வரும், சம்மதமா? இங்கிலாந்தில் கால்பந்து பேச உட்காருகிறவர்கள் காலங்காலமாக ஒருவரை ஒருவர் மடக்கும் கேள்வி இது. நமக்கெல்லாம் அப்படி எங்கே நடக்கப்போகிறது என்ற தைரியத்தில் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். 2025 மே மாதம் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் ரசிகர்களுக்கு அது நடந்தே விட்டது.

பிரீமியர் லீக்கின் 20 அணிகளில் 17-ஆவது இடம். 38 ஆட்டங்களில் 22 தோல்வி, மொத்தம் 38 புள்ளி. இதே அணிதான் மே 21 அன்று ஸ்பெயினின் பில்பாவோ நகரில், சான் மாமேஸ் மைதானத்தில், மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது. எதிரே நின்றதும் அப்படியொன்றும் சூரர்கள் கூட்டமில்லை. லீக்கில் அவர்கள் 15-ஆவது. சறுக்கிய இரண்டு பெரிய வீட்டுப் பிள்ளைகள் ஐரோப்பியக் கோப்பைக்கு மோதிக்கொள்கிறார்களே என்று மற்ற அணிகளின் ரசிகர்கள் ஒரு வாரமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிண்டலில் நியாயம் இருந்தது. ஆனால் டாட்டன்ஹாம்காரர்களுக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. 2008-க்குப் பிறகு அவர்கள் கண்ட முதல் கோப்பை இது. ஐரோப்பியக் கோப்பை என்று பார்த்தால் 1984-க்குப் பிறகு முதல்முறை.

நமக்கு அந்த ஆட்டம் நள்ளிரவு 12.30-க்குத் தொடங்கியது. அழகை எதிர்பார்த்துக் கண் விழித்தவர்கள் பாதியிலேயே தூங்கியிருப்பார்கள், தப்பில்லை. 42-ஆவது நிமிடத்தில் இடப்பக்கத்திலிருந்து பாப் சார் பந்தை உள்ளே அனுப்பினார். பிரென்னன் ஜான்சன் அதற்குக் காலை நீட்டினார், சரியாகப் படவில்லை. யுனைடெட்டின் லூக் ஷா மீது பட்டு, திரும்பவும் ஜான்சன் எட்டித் தட்டியும் தட்டாமலும், பந்து உருண்டு கோட்டைத் தாண்டியது. கோலை யார் கணக்கில் எழுதுவது என்றே கொஞ்ச நேரம் குழப்பம். ஓர் ஐரோப்பிய இறுதி ஆட்டத்தைத் தீர்மானித்த கோல் இவ்வளவு அசடாக விழுந்து நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு டாட்டன்ஹாம் செய்ததெல்லாம் தடுப்பு, தடுப்பு, தடுப்பு. ஆட்டம் முழுக்க அவர்கள் கோலை நோக்கி அடித்தது மூன்றே முறை; யுனைடெட் அடித்தது 16 முறை. பந்து அவர்கள் காலில் இருந்தது 30 சதவீதத்துக்கும் குறைவான நேரம்தான். 68-ஆவது நிமிடத்தில் கோல்கீப்பர் விகாரியோ ஒரு பந்தைப் பிடிக்க வெளியே வந்து கோட்டைவிட, ஹோய்லுண்ட் தலையால் முட்டிய பந்து காலி கோலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மிக்கி வான் டி வென் அந்தரத்தில் மல்லாந்து பாய்ந்து, கோட்டுக்கு மேலேயே காலால் வெளியே தள்ளினார். அவர் விழுந்தது வலைக்குள், பந்து விழுந்தது வெளியே. தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் சேர்த்த நேரத்தின் கடைசியில் ஷா முட்டிய பந்தை விகாரியோ தடுத்து, முந்தைய பாவத்தைக் கழுவிக்கொண்டார்.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அந்த அணியின் மேனேஜர் ஆஞ்ச் போஸ்டகோக்லு. கிரீஸில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். ‘தாக்கு, என்ன ஆனாலும் தாக்கு’ என்பதைத் தவிர வேறு எதையும் நம்பாதவர் என்று பெயரெடுத்தவர். 2023-இல் அவர் பொறுப்பேற்றதும் முதல் பத்து லீக் ஆட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு டிரா, தோல்வியே இல்லை. அடுத்து, நவம்பர் 6 அன்று செல்சி வந்தது. ரொமேரோவுக்கு ரெட் கார்ட். பிறகு உடோகிக்கும் ரெட் கார்ட். வான் டி வென், மாடிசன் இருவரும் காயம்பட்டு வெளியே. மிச்சமிருந்தது ஒன்பது பேர். வேறு எந்த அணியாக இருந்தாலும் பெனால்டி பாக்ஸுக்குள் சுருண்டு படுத்திருக்கும். போஸ்டகோக்லுவின் ஆட்கள் தடுப்பு வரிசையை நடுக்கோடு வரை கொண்டுபோய் நிறுத்தினார்கள். பின்னால் பாதி மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. அதைத் தனியாகக் காத்தவர் விகாரியோ. செல்சி வீரர்கள் ஒவ்வொருவராக ஓடி, திரும்பத் திரும்ப ஆஃப்சைடில் மாட்டி, கடைசியில் வழி கண்டுபிடித்து 4-1 என்று ஜெயித்தார்கள். தோற்ற அணிக்கு மைதானம் எழுந்து நின்று கைதட்டியது.

அந்தக் கைதட்டலைப் பற்றி அன்றிலிருந்து சண்டை ஓயவில்லை. டாட்டன்ஹாம் ரசிகர்களில் ஒரு சாரார், இதுதான் எங்கள் கழகம் என்றார்கள். அவர்களுக்கு ஒரு பரம்பரைச் சொத்து உண்டு. 1960-61 பருவத்தில் பில் நிக்கல்சன் மேனேஜராகவும் டானி பிளாஞ்ச்ஃபிளவர் கேப்டனாகவும் இருந்த அணி, லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் ஒருசேர வென்றது. இருபதாம் நூற்றாண்டில் அதைச் செய்த முதல் அணி. 1963-இல் ராட்டர்டாமில் அட்லெடிகோ மாட்ரிட்டை 5-1 என்று வீழ்த்தி, ஐரோப்பியக் கோப்பை வென்ற முதல் பிரிட்டிஷ் கழகமும் அதுவே. ஜெயித்தால் மட்டும் போதாது, மிடுக்காக ஜெயிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்திலிருந்து வருகிற பிடிவாதம். இன்னொரு சாரார் கேட்டது எளிய கேள்வி: மிடுக்கு சரி, கோப்பை எங்கே?

இரண்டு தரப்பையும் ஒரே ஆட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் 2024 மே 14-க்குப் போக வேண்டும். மான்செஸ்டர் சிட்டியை டாட்டன்ஹாம் வென்றால் தங்களுக்குச் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு நீடிக்கும். ஆனால் பக்கத்துத் தெரு எதிரி ஆர்சனல் லீக் பட்டம் வெல்ல வழி திறக்கும். சொந்த மைதானத்திலேயே ஒரு பகுதி ரசிகர்கள் தங்கள் அணி தோற்க வேண்டும் என்று விரும்பினார்கள்; சிட்டி கோல் போட்டதும் ஆர்சனலைச் சீண்டிப் பாடவும் செய்தார்கள். கடைசி நேரத்தில் சோன் ஹியூங்-மின் கோல்கீப்பருக்கு நேரெதிரே தனியாக ஓடியபோது, அது உள்ளே போகட்டும் என்று நினைத்தவர்கள் எத்தனை பேர், வேண்டாம் என்று நினைத்தவர்கள் எத்தனை பேர் என்பது அவரவர் மனசாட்சிக்குத்தான் வெளிச்சம். போகவில்லை. சிட்டி 2-0. போஸ்டகோக்லு கொதித்துப்போய், இந்த இடத்தின் அஸ்திவாரமே ஆட்டம் காண்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ரசிகர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பகையை நீ புரிந்துகொள்ளவில்லை என்றார்கள். என் பார்வையில் இரு தரப்பும் சரியாகத்தான் பேசினார்கள்; மேனேஜர் வேலைக்கு வந்தவர், அவர்கள் அந்தப் பகைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஆர்சனலிடம் 0-1 என்று தோற்ற கையோடு, எந்தக் கழகத்திலும் தன் இரண்டாம் ஆண்டில் கோப்பை வெல்வது வழக்கம் என்று போஸ்டகோக்லு சொன்னார். நாடே சிரித்தது. நவம்பரில் சிட்டியை அதன் மைதானத்திலேயே 4-0 என்று நொறுக்கியபோது சிரிப்பு கொஞ்சம் நின்றது. பிறகு காயங்கள். வான் டி வென் இல்லை, ரொமேரோ இல்லை, விகாரியோவின் கணுக்கால் எலும்பு முறிவு. 18 வயது ஆர்ச்சி கிரே, நடுக்களத்தில் ஆட வேண்டிய பையன், மாதக்கணக்கில் தடுப்பின் மையத்தில் நின்றான். லீக் கையை விட்டுப் போனது. பருவ முடிவில் கோல் கணக்கைப் பாருங்கள்: போட்டது 64, வாங்கியது 65. 17-ஆம் இடத்தில் முடிந்த அணிக்கு இப்படி ஒரு கணக்கு அபூர்வம். எதிரணியின் கோலுக்கும் தங்கள் கோலுக்கும் இடையே இரு பக்கமும் கதவைத் திறந்துவைத்து ஆடியிருக்கிறார்கள். கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய மூன்று அணிகள் லெஸ்டர், இப்ஸ்விச், சவுதாம்ப்டன். 18-ஆம் இடத்து லெஸ்டருக்கு 25 புள்ளிதான். ஆகவே இறங்கும் பயம் நிஜமாக நெருங்கவே இல்லை. அது தெரிந்ததும், வசந்த காலம் முழுக்க லீக்கை விட்டுவிட்டு, யூரோப்பா லீக் ஆட்டங்கள் நடக்கும் வியாழக்கிழமைகளுக்காக மட்டும் வாழ்ந்தார்கள்.

அந்த ஐரோப்பிய ஆட்டங்களில்தான் போஸ்டகோக்லு மாறினார். ஃபிராங்க்ஃபர்ட்டில் சோலாங்கியின் பெனால்டி ஒன்றை வைத்துக்கொண்டு 1-0. ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால், போடோ கிளிம்ட்டின் செயற்கைப் புல்லில், பெரிய பெரிய அணிகள் வழுக்கி விழுந்த இடத்தில், அலட்டாமல் 2-0. கடைசியாகப் பில்பாவோ. ஒன்பது பேரோடு நடுக்கோட்டில் நின்ற அதே மனிதர், பதினோரு பேரையும் கோல் வாசலில் நிறுத்தினார். மிடுக்கு வேண்டும் என்று அறுபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட அன்று வாய் திறக்கவில்லை. பத்து வருடம் அங்கே ஆடியும் ஒரு கோப்பைகூடத் தொடாத கேப்டன் சோன், மாற்று வீரராக உள்ளே வந்து, முடிவில் தென்கொரியக் கொடியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அழுததைப் பார்த்துக்கொண்டே எப்படிப் பேசுவது? அழகான ஆட்டம் என்பது தோற்கிறவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமோ என்ற சந்தேகம் எனக்கு அன்று வந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை.

நான்கு நாள் கழித்து, சொந்த மைதானத்தில், லீக்கின் கடைசி ஆட்டத்தில் பிரைட்டனிடம் 1-4. அதையும் யாரும் பொருட்படுத்தவில்லை.

அந்தப் பருவமே நெடுநாள் காத்திருந்தவர்களுக்குக் கோப்பை கொடுத்த பருவமாகத்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மார்ச் 16 அன்று லீக் கோப்பை இறுதியில் லிவர்பூலை 2-1 என்று வென்ற நியூகாசிலுக்கு, 1955-க்குப் பிறகு அதுவரை உள்நாட்டில் பெரிய கோப்பையே இல்லை. முதல் கோலைத் தலையால் அடித்த டான் பர்ன் அந்த வட்டாரத்துப் பிள்ளை. சிறுவனாக இருந்தபோது அதே கழகம் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட ஆள். மே 17 அன்று எஃப்.ஏ. கோப்பையில் கிரிஸ்டல் பேலஸ், சிட்டியை எபெரேச்சி எஸேயின் ஒரே கோலில் வீழ்த்தியது. அந்தக் கழகத்தின் வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பை. (அந்த வெற்றியால் கிடைத்த யூரோப்பா லீக் இடத்தைப் பிறகு ஐரோப்பியச் சங்கம் பறித்துக்கொண்டது. பேலஸின் பங்குதாரர் ஒருவருக்குப் பிரான்ஸின் லியோன் கழகத்திலும் கை இருந்தது காரணம். மைதானத்தில் வென்றதைக் காகிதத்தில் தோற்ற கோபம் அந்த ரசிகர்களுக்கு லேசில் ஆறாது.)

இந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் ஆர்சனல்காரர்கள். 74 புள்ளியோடு லீக்கில் இரண்டாமிடம், அதுவும் தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக. சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி வரை வந்து, பின்னர் கோப்பை வென்ற பாரிஸ் அணியிடம் தோல்வி. எந்த அளவுகோலால் அளந்தாலும் டாட்டன்ஹாமைவிட இரண்டு மடங்கு நல்ல அணி. புள்ளியில் கிட்டத்தட்ட அதுவேதான். கையில் மட்டும் ஒன்றுமில்லை. எங்கள் இடத்துக்கு வருகிறாயா என்று டாட்டன்ஹாம்காரர் கேட்டால் ஆர்சனல்காரர் வரமாட்டார். ஆனால் அந்த ஒரு ராத்திரியை மட்டும் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். எஃப்.ஏ. கோப்பையை வென்ற மூன்றாம் நாளே கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய விகன் கழகத்துக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். 2013-இல் கடைசி நிமிடத்தில் பென் வாட்சன் சிட்டிக்கு எதிராக முட்டிய பந்தைத்தான் சொல்வார்.

சேர்மன் நாற்காலியில் இருப்பவர்கள் இப்படி யோசிப்பதில்லை. பில்பாவோவுக்குப் பதினாறாம் நாள், ஜூன் 6 அன்று, போஸ்டகோக்லுவை வேலையிலிருந்து எடுத்தார்கள். சரியாக இரண்டு வருடம் முன்பு அவரை நியமித்த அதே தேதி. ஒரு வெற்றியின் உணர்ச்சியில் முடிவெடுக்க முடியாது என்றது கழகத்தின் அறிக்கை. கடைசி 66 லீக் ஆட்டங்களில் 78 புள்ளிதான் என்று கணக்கும் காட்டியது. கணக்கு பிழையில்லை. ஆட்டத்துக்கு ஒன்றே கால் புள்ளிகூட வராத அணியை அப்படியே விட்டுவைக்க எந்த நிர்வாகமும் துணியாது. நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன். அவர் பிறகு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்குப் போய் 39 நாளில் வெளியேறியதை, பார்த்தீர்களா என்று காட்டுகிறவர்களும் உண்டு. ஆனாலும் அந்த அறிக்கையை எழுதிய கழகத்தின் பழக்கம் நெருடுகிறது. டேனியல் லெவி 2001-இலிருந்து 2025 செப்டம்பர் வரை சேர்மனாக இருந்தார். 2021-இல் அப்போதைய மேனேஜர் மொரினியோவை லீக் கோப்பை இறுதிக்கு ஆறு நாள் முன்பு அனுப்பினார். 29 வயது ரயன் மேசன் அணியைக் கூட்டிப்போய் 0-1 என்று தோற்றுவந்தார். லெவி காலத்தில் டாட்டன்ஹாமுக்குக் கிடைத்தவை இரண்டே கோப்பைகள். முதலாவதை 2008 பிப்ரவரியில் வென்று தந்த ஹுவாண்டே ராமோஸை அதே ஆண்டு அக்டோபரில் எடுத்தார். இரண்டாவதை வென்றவருக்கு அந்த எட்டு மாதம்கூடக் கிடைக்கவில்லை.