புலிக்கு நிகரான சட்டப் பாதுகாப்பு... ஆனாலும் மன்னார் வளைகுடா 'கடல் விசிறி'க்கு ஆபத்து ஏன்?

பார்த்தால் காய்ந்த செடி மாதிரி இருக்கும். வலையில் சிக்கி மேலே வந்தால் பலரும் செடி என்றே நினைப்பார்கள். ஆனால் அது ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் சேர்ந்து வாழும் ஒரு கூட்டம். பெயர், கடல் விசிறி. தருவைகுளம் மீனவர்கள் தொழில் செய்யும் மன்னார் வளைகுடாவில், கடலடிப் பாறைகளில் இது வளர்கிறது.

கடல் விசிறி என்றால் என்ன?

இதுவும் பவளக் குடும்பம்தான். ஆனால் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறை போல சுண்ணாம்புப் பாறையாக இறுகாது. உள்ளே கொம்பு போன்ற வளையும் தண்டு, மேலே மென்மையான சதை. நீரோட்டத்துக்குக் குறுக்கே விசிறி போல விரிந்து நின்று, மிதந்து வரும் நுண்ணுயிரிகளைப் பிடித்துச் சாப்பிடும். சின்ன மீன்களுக்கும் இறால்களுக்கும் இது மறைவிடம்.

எங்கே வளரும்?

மணலில் வேர் பிடிக்காது. ஒட்டிக்கொள்ள பாறை வேண்டும். தூத்துக்குடி கடலில் அந்தப் பாறைத் தரைக்கு 'பார்' என்று பெயர். முத்துக்குளித்தலுக்குப் பேர்போன தொள்ளாயிரம் பார் அப்படி ஒன்றுதான். மீன் கூடும் இடமும் பார்தான் என்பதால் வலையும் அங்கேயே போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் 2001-ல் கடல் விசிறிகள் சேர்க்கப்பட்டன. புலி இருப்பதும் அதே அட்டவணைதான். எடுத்தாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. அதற்கு முன்பு இவை சேகரிக்கப்பட்டு ஏற்றுமதியே ஆனது.

அப்புறம் என்ன பிரச்சினை?

வளர்ச்சி வேகம்தான். பிரிட்டன் கடலில் உள்ள இளஞ்சிவப்பு கடல் விசிறி ஆண்டுக்கு சுமார் 1 செ.மீ.தான் வளர்கிறது. அந்தக் கணக்குப்படி ஒரு அடி உயரத்துக்கு சுமார் 30 ஆண்டுகள். அடியை உரசிப் போகும் இழுவலை ஒரு தடவை பட்டால் போதும், அவ்வளவும் போச்சு. தரையோடு கட்டும் வலைகளும், அறுந்து கிடக்கும் வலைகளும் கிளைகளில் சிக்கி ஒடிக்கின்றன. பிடுங்கப்பட்டதைத் திரும்பக் கடலில் வீசினாலும் அது தானாக ஒட்டிக்கொள்ளாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை மீன் இனப்பெருக்கத்துக்கு உதவும். ஆனால் 30 ஆண்டு வளர்ச்சியை 61 நாளில் மீட்க முடியாது. கடல் விசிறிக்குத் தேவை, ஆண்டு முழுக்க இழுவலை படாத பார்.

வேறு நாடுகள் என்ன செய்தன?

இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 2008-ல் சுமார் 200 சதுர கி.மீ. பரப்பில் அடியை உரசும் இழுவலைகள் தடை செய்யப்பட்டன. கூடு வைத்துப் பிடிக்கும் மீன்பிடிப்புக்குத் தடை இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் கடல் விசிறிகள் கூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

ஸ்பெயினின் கேப் டி க்ரியூஸ் பகுதியில், மீனவர்களின் வலையில் சிக்கியவற்றை ஆய்வாளர்கள் வாங்கி, கூழாங்கல்லில் ஒட்டி மீண்டும் கடலில் விட்டார்கள். கல்லின் எடையால் அவை நிமிர்ந்தபடியே அடியில் போய் நின்றன. முதல் அட்டவணை உயிரினம் என்பதால், இங்கே இதை வனத்துறை அனுமதியுடன்தான் செய்ய முடியும்.

மீனவருக்கு என்ன லாபம்?

மீன்குஞ்சு ஒதுங்க இடம் இருந்தால்தான் அந்தப் பாரில் நாளைக்கும் மீன் இருக்கும். கூட்டம் கூட்டமாக கடல் விசிறி நிற்கும் பார்கள் எங்கே என்று மீனவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டு அந்த இடங்களைக் குறித்து வைப்பதுதான் முதல் வேலை.