வால்வில் பிறக்கும் கித்தார் நாதம்!

ஜூன் 21-ந் தேதி புதுச்சேரிக்குப் போனால் கித்தார் சத்தம் கேட்கலாம். அன்று இசைத் திருவிழா. பிரான்சில் 1982-ல் தொடங்கிய இந்த விழாவைப் புதுச்சேரியிலும் கொண்டாடுகிறார்கள்.

மின்சாரக் கித்தார் வாசிக்கும் இளைஞனின் காலடியைப் பாருங்கள். சின்னப் பெட்டி ஒன்று கிடக்கும். அதன் பெயர் பெடல். கித்தாரில் இருந்து வரும் சிறு மின்சாரத்தைப் பெரிதாக்கி, ஆம்ப்ளிபயருக்கு அனுப்புவது அதன் வேலை.

சில பெடல்களுக்குள் வால்வு இருக்கிறது. ஆம், தாத்தாவின் ரேடியோவில் இருந்த அதே வகை வால்வுதான்! 1906-ல் அமெரிக்கர் லீ டி பாரஸ்ட் உருவாக்கிய வால்வின் வாரிசு. டிரான்சிஸ்டர் வந்ததும் ரேடியோ அதைக் கைவிட்டது. கித்தார்காரர்கள் விடவில்லை. பிரெஞ்சு மொழியில் வால்வுக்கு 'லாம்ப்' என்று பெயர். விளக்கு என்று அர்த்தம். சூடேறியதும் மங்கலாக ஒளிர்கிறதே!

ஏன் இந்த மோகம்?

தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றினால், வால்வு அதைச் சட்டென்று வெட்டாது. மெல்ல மழுங்கடிக்கும். அந்தக் கரகரப்பு காதுக்கு இதமாக இருக்கிறது.

எப்படித் திருப்புவது?

மாதக்கணக்கில் பணம் சேர்த்து வாங்கிய பையன் என்ன செய்கிறான்? எல்லாக் குமிழ்களையும் முழுதாகத் திருப்புகிறான். ஒரே இரைச்சல்! பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். பெடல் மோசம் என்று பையன் அழுகிறான்.

பெடல் மோசமில்லை. பாஸ், மிடில், டிரபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள். 'கெயின்' குமிழைக் குறைத்து வையுங்கள். தந்தியை மீட்டிக்கொண்டே அதை மெதுவாக ஏற்றுங்கள். மெல்ல மீட்டினால் தெளிவு, ஓங்கி மீட்டினால் கரகரப்பு. அந்த இடத்தில் நிறுத்துங்கள்! பிறகு வால்யூமைச் சரி செய்யுங்கள். கெயின் ஏற ஏற, பாஸைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலி சேறாகிவிடும்.

வீட்டில் மெதுவாக வைத்துச் சரி செய்தது மேடைக்கு உதவாது. சத்தம் குறைந்தால் காதுக்குப் பாஸ் குறைவாகக் கேட்கும். மேடையில் அதே பாஸ் முழங்கும். மேடையில் மறுபடி திருப்பித்தான் ஆகவேண்டும்.

வாங்கும்போது ஒளியைக் கண்டு மயங்காதீர்கள். சில பெட்டிகளில் வால்வுக்குப் பின்னால் சிறு விளக்கு வைத்து மினுக்குகிறார்கள்!

ஆபத்து!

சில பெடல்களுக்குள் 200, 300 வோல்ட் கூட ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் திறக்க வேண்டாம். விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.