மண்டபத்துக்கு முன்பே ஒரு வகுப்பு

மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, பத்திரிகையும் அச்சடித்து, சமையல்காரருடன் இலைக்கணக்கும் பேசி முடித்த பிறகுதான் பல கத்தோலிக்க வீடுகளில் அந்தப் பேச்சே எழும்: "பயிற்சிக்குப் போய் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துடுப்பா." வளைகுடாவிலிருந்து மாப்பிள்ளை வருவதே எண்ணி வைத்த லீவில். அதற்குள் சட்டை அளவும் கொடுக்க வேண்டும், திருமணத் தயாரிப்பு வகுப்பிலும் உட்கார வேண்டும்.

வகுப்பு பெரும்பாலும் இரண்டு, மூன்று நாள். சாமியார் அருட்சாதனத்தைப் பற்றிப் பேசுவார். மருத்துவர் ஒருவர் வருவார். நான் பார்த்தவரை, தூக்கம் கலைவது அனுபவமுள்ள ஒரு தம்பதி மேடையேறும்போதுதான். சம்பளம் யார் கையில், அம்மாவுக்கு மாதாமாதம் எவ்வளவு, நகைக்கடனை யார் அடைப்பது என்று அவர்கள் கேட்டதும் ஜோடிகள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்கும். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டிய பேச்சு அது.

பிறகு ஓலை. மூன்று ஞாயிறு கோயிலில் பெயர் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் பொதுச்சட்டமாக்கிய வழக்கம் இது. நம் பக்கத்தில் அடிக்கடி வரும் தடை உறவுமுறைதான். மாமன் மகளும் அத்தை மகனும் நமக்கு உரிமையுள்ள முறை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1091-ஆம் பிரிவுப்படி அது தடை. ஆயரின் விலக்கு இல்லாமல் தாலி கட்ட முடியாது. பத்திரிகை கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு ஆயர் இல்லத்துக்கு ஓடுகிறவர்கள் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பங்குத்தந்தையின் தனி விசாரணை. பெண்ணைத் தனியே உட்கார வைத்து, "யாராவது வற்புறுத்தினார்களாம்மா? முழுச் சம்மதம்தானா?" என்று கேட்பார். பயமுறுத்திப் பெற்ற சம்மதம் செல்லாது என்கிறது அதே சட்டத்தின் 1103-ஆம் பிரிவு. கேள்வி நல்ல கேள்விதான், கேட்கும் நேரம்தான் தப்பு. வெளித் திண்ணையில் அப்பா காத்திருக்கிறார், ஊர் முழுக்கப் பத்திரிகை போய்விட்டது. அந்தப் பெண் வேறென்ன சொல்லுவாள்? "சம்மதம் ஃபாதர்" என்று கையெழுத்துப் போடுவாள்.

தயாரிப்பு இப்படிக் கடைசி நேரத்தில் நடப்பதை உரோமை அறியாததல்ல. திருமணத் தயாரிப்பு சிறுவயதிலேயே தொடங்கி மூன்று கட்டமாக நடக்க வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இலேயே எழுதினார். கல்யாண ஏற்பாடுகளிலேயே களைத்துப்போய்ப் பீடத்துக்கு வரும் ஜோடிகளைப் பற்றி 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வருத்தப்பட்டார். ஞானஸ்நானம் பெற வருகிறவர்களைப் போலவே மணமக்களையும் நீண்டகாலம் தயாரிக்கச் சொல்லி 2022-இல் வத்திக்கான் வழிகாட்டியும் வந்தது. நாமோ கடைசிக் கட்டத்தை மட்டும், அதையும் அவசரத்தில் முடிக்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: வரன் பார்க்கத் தொடங்கும்போதே பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். பங்குத்தந்தையருக்கும் ஒன்று: அந்தத் தனி விசாரணையை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே ஒருமுறை நடத்திவிடுங்கள், ஃபாதர்.