ஆன்லைனில் விதை, ஸ்பிரேயர் வாங்குகிறீர்களா? போலி மதிப்புரைகளைக் கண்டறிவது எப்படி?

பேட்டரி ஸ்பிரேயர், தார்ப்பாய், களைக்கருவி, காய்கறி விதை, பயிர் ஊக்கி எனப் பல பொருட்கள் இப்போது செல்போனில் ஆர்டர் செய்தால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. பாகூர், வில்லியனூர், திருக்கனூர் பகுதி விவசாயிகள் இதற்காகப் புதுச்சேரி டவுனுக்கு வந்து கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதில்லை. விலையும் சில நேரம் குறைவாக இருக்கிறது.

ஆனால், கடையில் வாங்கும்போது பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம். கடைக்காரரிடம் நாலு கேள்வி கேட்கிறோம். பக்கத்து நிலத்துக்காரர் என்ன வாங்கினார் என்று விசாரிக்கிறோம். ஆன்லைனில் இவை எதுவும் இல்லை. ஏற்கெனவே வாங்கியவர்கள் எழுதியதாகச் சொல்லப்படும் மதிப்புரைகளையும் ஸ்டார்களையும் நம்பித்தான் முடிவெடுக்கிறோம். அந்த மதிப்புரையே போலியாக இருந்தால்?

துணிமணி சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடலாம். விதைத்த விதையைத் திருப்பி அனுப்ப முடியாது. விதைக்குக் கொடுத்த சில நூறு ரூபாயோடு நஷ்டம் நிற்பதில்லை. உழவுக்கூலி, நாற்றங்கால், தண்ணீர், அடியுரம் எல்லாம் வீணாகி, பட்டமும் தவறிப்போகும். அதனால்தான் விவசாயிகள் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

போலி மதிப்புரை எப்படி உருவாகிறது?

காசு கொடுத்து எழுத வைப்பது முதல் வகை. நமக்குத் தெரிந்த குடம்புளியில் இருந்து தயாரித்த எடை குறைப்பு மாத்திரையை அமேசானில் விற்ற கியூர் என்கேப்சுலேஷன்ஸ் என்ற நிறுவனத்தின் மீது, அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2019-ல் நடவடிக்கை எடுத்தது. 30 மதிப்புரைகள் எழுதித்தர ஒரு இணையதளத்துக்கு 1,000 டாலர் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சராசரி 4.3 ஸ்டாருக்குக் கீழே போனால் விற்பனை இருக்காது என்பது அவர்கள் கணக்கு. 2022-ல், இப்படி மதிப்புரைகளுக்கு ஆள் பிடித்த 10,000-க்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் குழுக்களை நடத்தியவர்கள் மீது அமேசான் நிறுவனமே வழக்குத் தொடுத்தது.

இரண்டாவது வகை நம் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடையது. 2020-ல் அமெரிக்காவில் ஏராளமான வீடுகளுக்கு, கேட்காமலேயே விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தன. பல பொட்டலங்களில் சீன முகவரி இருந்தது. கடுகு, முட்டைக்கோஸ், புதினா, செம்பருத்தி, ரோஜா போன்ற விதைகள் அவற்றில் இருந்தன. இது 'பிரஷ்ஷிங்' என்ற மோசடியாக இருக்கலாம் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை கருதியது. அதாவது, விற்பவரே யாரோ ஒருவர் பெயரில் ஆர்டர் போட்டுக்கொள்வார். அந்த முகவரிக்கு மலிவான ஒரு பொட்டலத்தை அனுப்புவார். பார்சல் போய்ச் சேர்ந்ததாகப் பதிவானதும், வாங்கியவர் எழுதுவதுபோல அவரே 5 ஸ்டார் போட்டுக்கொள்வார்.

நம் நாட்டிலும் 2020 ஆகஸ்டில் மத்திய வேளாண் அமைச்சகம், இதுபோன்ற மர்ம விதைப் பொட்டலங்கள் குறித்து மாநிலங்களை எச்சரித்தது. புதிய களைகளும் நோய்களும் இவற்றோடு உள்ளே வந்துவிடலாம். கேட்காமல் விதை வந்தால் விதைக்காதீர்கள், குப்பையிலும் எறியாதீர்கள். பிரிக்காமல் வேளாண் அலுவலரிடம் ஒப்படையுங்கள்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 'வாங்கியது உறுதி செய்யப்பட்டது' என்ற குறிப்பு மதிப்புரையின் மேல் இருந்தாலும், அதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது.

கண்டறிய ஆறு வழிகள்

1. நாள் கணக்குப் பாருங்கள். விவசாயிகளிடம் இருக்கும் சிறந்த ஆயுதம் இதுதான். வெண்டை முதல் பறிப்புக்கு வர விதைத்து சுமார் 45 நாளாகும். கத்தரிக்கு நாற்றங்காலில் ஒரு மாதம், நட்ட பிறகு 55 முதல் 60 நாள். பொருள் விற்பனைக்கு வந்தே 20 நாள்தான் ஆகிறது, அதற்குள் 'அமோக விளைச்சல்' என்று எழுதியிருந்தால் அது பொய். தென்னையில் பாளை வெடித்துக் காய் முற்ற ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். 'டானிக் ஊற்றிய ஒரே மாதத்தில் காய் இரட்டிப்பு' என்று எழுதியவருக்குத் தென்னை மரமே இருக்காது.

2. மதிப்புரைகள் வந்த தேதியைப் பாருங்கள். உண்மையாக வாங்கியவர்கள் மாதம் முழுக்கச் சிதறலாக எழுதுவார்கள். இரண்டு மூன்று நாளில் கும்பலாக 5 ஸ்டார் விழுந்து, பிறகு மாதக்கணக்கில் எதுவுமே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

3. விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். 'சூப்பர்', 'பணத்துக்கு ஏற்ற பொருள்' என்பதெல்லாம் எந்தப் பொருளுக்கும் பொருந்தும். உண்மையில் பயன்படுத்தியவர் எந்த மண், எந்தப் பட்டம், எத்தனை டேங்க் அடித்தேன், எங்கே ஒழுகியது என்று எழுதுவார். ஒரே வாக்கியம் பல பெயர்களில் திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரே ஆளின் வேலையாக இருக்கலாம்.

4. இரண்டு, மூன்று ஸ்டார் மதிப்புரைகளை முதலில் படியுங்கள். ஐந்து ஸ்டாரை விற்பவர் காசு கொடுத்து வாங்கலாம். ஒரு ஸ்டாரைப் போட்டி வியாபாரி போட வைக்கலாம். நடுவில் இருப்பவற்றைப் போலியாக எழுதுவதால் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. நிறை, குறை இரண்டும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

5. மதிப்புரை இந்தப் பொருளுக்குத்தானா? சில விற்பனையாளர்கள், நன்றாக விற்ற பழைய பொருளின் பக்கத்திலேயே புதுப் பொருளை ஏற்றிவிடுவார்கள். ஸ்பிரேயர் பக்கத்தில் தண்ணீர்க் குழாயைப் பற்றிய கருத்துகள் இருந்தால் அந்த ஸ்டார் கணக்கு செல்லாது.

6. படங்களை உற்றுப் பாருங்கள். விளம்பரப் படத்தையே திரும்பப் போட்டிருந்தால் அதை ஒதுக்குங்கள். சேறு படிந்த ஸ்பிரேயர், முளைத்த நாற்று என வயலில் எடுத்த படத்துக்கு மதிப்பு அதிகம்.

பார்சல் பெட்டிக்குள் '5 ஸ்டார் போட்டால் 100 ரூபாய் கேஷ்பேக்' என்று சீட்டு இருந்தால், அந்தப் பொருளுக்கு வந்த மற்ற ஸ்டார்களும் இப்படி வாங்கியவையாக இருக்கலாம். நீங்களும் அதற்கு உடன்படாதீர்கள். உங்களைப் பார்த்து இன்னொரு விவசாயி ஏமாறுவார்.

ஸ்டாரை விட லேபிள் முக்கியம்

விதையில் சான்று விதைக்கு நீல அட்டையும், உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டையும் இருக்க வேண்டும். குவியல் எண், முளைப்புத்திறன், பரிசோதனை செய்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றைப் பாருங்கள். நெல் சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம். வந்தவுடன் 100 விதையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்து எண்ணிப் பாருங்கள். பிறகு விதையுங்கள்.

பூச்சிமருந்தை ஆன்லைனிலும் உரிமம் பெற்றவர் மட்டுமே விற்கலாம். பதிவு எண்ணும், நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ண முக்கோணமும் இல்லாத மருந்துக்கு ஆயிரம் 5 ஸ்டார் இருந்தாலும் வாங்காதீர்கள். பயிர் ஊக்கிகளும் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்துவிட்டன.

தார்ப்பாயை எடை போட்டுப் பாருங்கள். 18 அடிக்கு 12 அடி, 200 ஜிஎஸ்எம் என்றால் சுமார் 4 கிலோ இருக்க வேண்டும். இரண்டரை கிலோதான் இருக்கிறது என்றால் உடனே திருப்பி அனுப்புங்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

விற்பவரே வாடிக்கையாளர்போல மதிப்புரை எழுதக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. மதிப்புரைகளைச் சேகரிக்கவும் வெளியிடவும் ஐஎஸ் 19000 என்ற தரநிர்ணயத்தை மத்திய அரசு 2022 நவம்பரில் வெளியிட்டது. அது கட்டாயமாக இல்லாமல், நிறுவனங்கள் தாமாக முன்வந்து பின்பற்றும் தரநிர்ணயமாகவே வந்தது.

முதலில் அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-ல், தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பில், பை, அட்டை, ஒரு கைப்பிடி விதை ஆகியவற்றை அறுவடை வரை பத்திரமாக வையுங்கள். விற்பனைப் பக்கத்தையும் மதிப்புரைகளையும் செல்போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பக்கம் காணாமல் போகலாம்.

வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 'ரேட்டிங் போட்டால் தினமும் சம்பளம்' என்று வாட்ஸ்அப், டெலிகிராமில் வரும் வேலை மோசடியானது. முதலில் சில நூறு ரூபாய் தருவார்கள். பிறகு நம்மையே பணம் கட்டச் சொல்லி மொத்தமாகப் பிடுங்கிவிடுவார்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

புதிய ரகமோ புதிய மருந்தோ வாங்கும் முன் உங்கள் பகுதி உழவர் உதவியகத்திலோ, குரும்பாபேட் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள். கிசான் கால் சென்டர் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விளக்கம் பெறலாம். அப்படியும் வாங்குவதென்றால், முதல் முறை பத்து சென்ட்டுக்கு மட்டும் வாங்கிப் பாருங்கள். அது தேறினால் அடுத்த பட்டத்துக்குக் கூட்டிக்கொள்ளலாம்.