கலையை நிறுக்கும் தராசு

பாடல் ஆகுமா, ஆகாதா? கலையைப் பற்றிய பேச்சு நம்மிடையே எழும்போதெல்லாம் இந்த ஒற்றை வினாவில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. ஆகும் என்பர் ஒரு சாரார். ஆகாது என்பர் மறு சாரார். கலை மனிதனை என்ன செய்கிறது என்னும் வினாவோ கேட்கப்படாமலேயே நின்றுவிடுகிறது. அவ்வினாவை ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பி, விடையும் தேடியவர் இமாம் அபூஹாமித் அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 450–505; கி.பி. 1058–1111). நாற்பது நூல்களின் தொகுப்பாகிய ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் அவர்களின் பெருநூலில், பதினெட்டாவது நூல் முழுவதும் ‘ஸமாஉ’ எனப்படும் இசை கேட்டலையும் அதனால் விளையும் உள்ளப் பரவசத்தையும் ஆராய்கிறது.

இமாமவர்களுக்கு முன்னரே மெய்யியலார் இத்துறையில் கால் பதித்திருந்தனர். ‘கிதாபுல் மூஸீகா அல்கபீர்’ என்னும் இசைப் பெருநூலை இயற்றிய அல்ஃபாராபீ (மறைவு கி.பி. 950), உள்ளத்திற்கு இன்பமளிப்பவை, கற்பனையைத் தூண்டுபவை, உணர்ச்சியை எழுப்புபவை என இசையை மூவகைப்படுத்தினார். மனிதன் பல வேளைகளில் தான் அறிந்ததைப் பின்பற்றிச் செயற்படுவதில்லை. தன் கற்பனையில் பதிந்த உருவத்தைப் பின்பற்றியே செயற்படுகிறான் என்பது அவரது நுட்பமான கருத்து. கவிதையின் வலிமை அங்கேதான் பிறக்கிறது. வலிமை உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு. ஆகவே மெய்யியலின் வினா இயல்பாகவே அறத்தின் வினாவாகிவிடுகிறது.

மெய்யியலாரின் இறையியற் கொள்கைகளைக் கடுமையாக மறுத்தவர்தாம் கஸ்ஸாலி இமாம். ஆயினும் பகுத்தாராயும் முறையை அவர்கள் கைவிடவில்லை. பாடலைக் கூறுகூறாகப் பிரித்து நோக்குகிறார்கள். இனிய ஓசை மட்டும் தடுக்கப்பட்டதன்று. பறவையின் குரலும் இனியதே. ஓசைக்கு அளவு சேர்வதாலோ, பொருள் சேர்வதாலோ தடை தோன்றிவிடாது. பொருள் நல்லதாயின் பாட்டும் நல்லதே. பெருநாளன்று சிறுமியர் பாடியதையும், பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதையும் நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்னும் ஹதீஸ்களை இதற்குச் சான்றாக முன்வைக்கிறார்கள்.

அப்படியாயின் தடை எங்கிருந்து வருகிறது? ஐந்து வெளிக் காரணங்களால் என்கிறார்கள் இமாமவர்கள். பாடுபவரால் இச்சை தூண்டப்படுதல், கருவி, பாட்டின் பொருள், கேட்பவரின் உள்ளநிலை, இடைவிடாத பழக்கம் என்பன அவை. நரம்புக் கருவிகளை அவர்கள் விலக்கியதும் அவற்றின் இனிமைக்காக அன்று. அவை அக்காலத்து மதுக் கூட்டத்தாரின் அடையாளமாக இருந்தமைக்காகவே. இன்பமே தடைக்குக் காரணமானால் இன்பமான அனைத்துமே தடுக்கப்பட வேண்டுமன்றோ!

இவ்வைந்தனுள் நம் காலத்திற்கு மிகவும் பொருந்துவது இறுதிக் காரணம். கன்னத்தில் ஒரு மச்சம் அழகு. முகமெங்கும் மச்சமானால் அதுவே விகாரம் என உவமை கூறுகிறார்கள் இமாமவர்கள். அன்று பாடலைக் கேட்க ஓர் அவையை நாடிச் செல்ல வேண்டும். இன்றோ சட்டைப்பையில் உள்ள கைப்பேசி இரவும் பகலும் பாடுகிறது. பாட்டின் பொருளில் குற்றமில்லை என்று மனநிறைவு கொள்பவரும், அது தம் தொழுகையின் ஓர்மையையும் பிள்ளைகளோடு பேசும் பொழுதையும் தின்றுவிட்டதா எனத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் தகும்.

இமாமவர்களின் கருத்தை அனைவரும் ஏற்றனர் என்பதற்கில்லை. ‘தல்பீஸு இப்லீஸ்’ என்னும் நூலில் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் (மறைவு கி.பி. 1201) சூஃபியரின் ஸமாஉ அவைகளைக் கடிந்துரைத்தார்கள். பரவசம் என்னும் பெயரில் மன இச்சை உள்ளே நுழைந்துவிடும் என்பது அவர்களது அச்சம். முடிவில் வேறுபட்டாலும் இருவரும் காக்க முனைந்தது ஒன்றையே: மனித உள்ளத்தை.

நம் தமிழ் முன்னோரும் கலையை இவ்வுணர்வோடுதான் கையாண்டனர். படைப்போர் வீரத்தை ஊட்டியது. முனாஜாத்து இறைவன்முன் உள்ளத்தை உருக்கியது. மசலா வினாவும் விடையுமாய் மார்க்க அறிவைப் புகட்டியது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் அண்ணலாரின் வாழ்வைக் காப்பியமாக்கியது. ஒவ்வொரு வடிவத்திற்கும் ஒரு நோக்கம் இருந்தது.

கலை உள்ளத்தை அசைக்கிறது. மெய்யியல் அது எவ்வாறு அசைக்கிறது என ஆராய்கிறது. அறம் எத்திசையில் அசைக்கிறது என வினவுகிறது. மூன்றாவது வினாவைக் கைவிட்ட சமூகத்தில் கலை வெறும் பொழுதுபோக்காகும். முதல் இரண்டையும் கைவிட்ட சமூகத்தில் அறம் வெறும் தடைப்பட்டியலாகும். ஆகுமா, ஆகாதா என்று தீர்ப்புக் கேட்குமுன், இது என்னை என்னவாக ஆக்குகிறது என்று ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்பதே கஸ்ஸாலி இமாம் நமக்குத் தந்து சென்ற தராசு.