உங்களுக்குத் தெரியுமா? ராணுவமே எடுத்து, ராணுவமே முடக்கிய படம்!
இரண்டாம் உலகப் போரில் மனம் நொறுங்கித் திரும்பிய வீரர்கள் குணமாகி வேலைக்குத் தகுதியாவதை நாட்டுக்குக் காட்ட விரும்பியது அமெரிக்க ராணுவம். பிரபல இயக்குநர் ஜான் ஹூஸ்டன், நியூயார்க் அருகே ஒரு ராணுவ மருத்துவமனையில் கேமராவை வைத்தார். விம்மி அழுபவர்கள், நடக்க மறந்தவர்கள், பேச்சு வராதவர்கள்... நடிப்பு ஒரு துளியும் இல்லை. அதுதான் வம்பாயிற்று!

1946இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் திரையிட இருந்த நேரத்தில் ராணுவ போலீஸ் பிரதியைப் பறித்துச் சென்றது. நோயாளிகளின் அந்தரங்கம் கருதியாம்! வெல்லப்படாத வீரன் என்ற பிம்பம் கலைந்துவிடும் என்ற பயமே காரணம் என்றார் ஹூஸ்டன். ‘லெட் தேர் பி லைட்’ என்ற அந்தப் படத்தின் மீதான தடை 1980 இறுதியில்தான் நீங்கியது.